கற்பனை நாட்டில் நிலம் யாருக்குச் சொந்தம்?

(கலை இலக்கியப் பணிகளில் ஈடுபட்டுள்ள தோழர்களுக்கான படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் கற்பனை நாடுகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். விலைவாசி உயர்வு, வேலையின்மை, தொழிலாளர் உரிமைகள் மீதான தாக்குதல் என்று பிரச்சினைகள் மலைபோல் குவிந்திருக்கும் வேளையில், உலகப் படத்தில் இல்லாத நாடுகளுக்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவது தகுமா என்ற ஐயம் உங்களில் சிலருக்கு எழுந்திருக்கலாம். அந்த ஐயத்திற்கு மறுமொழியாக, அப்படிப்பட்ட ஒரு நாட்டின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

1981 ஆகஸ்டில் அமெரிக்கப் படைகள் கரீபியக் கடற்பகுதியில் பெரியதொரு போர் ஒத்திகையை நடத்தின. போர்ட்டோ ரிக்கோவை அடுத்த வியேக்கஸ் தீவில் துருப்புகள் இறங்கின. அந்த ஒத்திகைக்காகவே ஒரு நாடு கற்பனையாகப் படைக்கப்பட்டது. 'அம்பரும் அம்பரைன்களும்' என்று அதற்குப் பெயரும் சூட்டப்பட்டது. கதை மிகவும் எளியது. அந்தத் தீவு நாட்டின் அரசு அமெரிக்காவுக்குப் பகையானது; அமெரிக்கர்கள் சிலரைப் பணயமாகப் பிடித்து வைத்திருக்கிறது; படைகள் தரையிறங்கி அவர்களை மீட்க வேண்டும்; பின்னர் வாஷிங்டனுக்கு உகந்த ஓர் ஆட்சியை அங்கே அமர்த்த வேண்டும்.

அதே கடலில் கிரெனடா என்ற தீவும், அதையடுத்துக் கிரெனடைன்கள் என்ற சிறு தீவுக் கூட்டமும் உண்மையிலேயே இருக்கின்றன. 1979 மார்ச்சில் அங்கே மாரிஸ் பிஷப் தலைமையிலான புதிய ஜுவல் இயக்கம் ஆட்சிக்கு வந்திருந்தது. இந்த ஒத்திகை தங்களைக் குறிவைத்தே நடத்தப்படுகிறது என்று பிஷப் அரசு உலகின் முன் முறையிட்டது. 1983 அக்டோபர் 19 அன்று, இயக்கத்திற்குள் எழுந்த பிளவின் முடிவில் பிஷப் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்தையும் அதற்கான பொறுப்பையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த ஆறே நாள்களில், அக்டோபர் 25 அன்று, அமெரிக்கப் படைகள் அத்தீவில் இறங்கின. அங்கே மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அமெரிக்க மாணவர்களைக் காப்பாற்றவே இந்த நடவடிக்கை என்று காரணம் கூறப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களே வாழ்ந்த நாடு அது. ஐ.நா. பொதுச்சபை 108 வாக்குகளுக்கு 9 என்ற கணக்கில் இந்தப் படையெடுப்பைக் கண்டித்தது. கண்டனம் பதிவேட்டில் நிற்கிறது, படையெடுப்போ நடந்தேறிவிட்டது.

ஆகவே, கற்பனை நாடு என்பது குழந்தைகளின் விளையாட்டு மட்டுமல்ல. ஆளும் வர்க்கங்கள் தம் வேலைத்திட்டத்தை எழுதிப் பார்க்கும் தாளாகவும் அது பயன்படுகிறது. அதேபோல், ஒடுக்கப்பட்டவர்கள் தம் கோரிக்கைகளை எழுதிவைத்த தாளாகவும் அது இருந்திருக்கிறது. இரண்டையும் எப்படி வேறுபடுத்தி அறிவது என்பதே இன்றைய உரையின் பொருள். அதற்கு நான் முன்வைக்கும் உரைகல் ஒன்றே ஒன்றுதான். அந்த நாட்டில் நிலமும் சுரங்கமும் யாருக்குச் சொந்தம், அங்கே உழைப்பவர் யார் என்று கேளுங்கள்.

கம்பெனி மறைந்தது, பழம் மட்டும் நின்றது

இந்தக் கேள்வி நான் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. 1516-ல் வெளிவந்த தாமஸ் மோரின் 'உடோப்பியா' நூலிலேயே அது இருக்கிறது. மோரின் கற்பனைத் தீவைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். ஆனால் அந்நூலின் முதற்பகுதி இங்கிலாந்தைப் பற்றியது என்பதை மறந்துவிடுவார்கள். கம்பளி வணிகத்தின் ஆதாயத்திற்காக விளைநிலங்கள் வேலியடைக்கப்பட்டு ஆட்டு மேய்ச்சல் நிலங்களாக்கப்பட்டதையும், விரட்டப்பட்ட உழவர்கள் வயிற்றுக்காகத் திருடித் தூக்கிலேறியதையும் அப்பகுதி கண்டிக்கிறது. அதன் பின்னரே, இரண்டாம் பகுதியில், தனியுடைமை இல்லாத தீவு வருகிறது. மூலதனத்தின் தொடக்கக் காலக் கொள்ளையை விவரிக்கும்போது மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலில் மோரைச் சான்றாகக் காட்டியது இதனால்தான்.

மோரின் காலத்திலிருந்து ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கடந்து, 1904-ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஓராண்டிலேயே இரண்டு கற்பனை நாடுகள் பிறந்தன. இரண்டும் லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஒன்று அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றி படைத்த 'அஞ்சூரியா'. மற்றொன்று ஜோசப் கான்ராட் தமது 'நாஸ்ட்ரோமோ' நாவலுக்காகப் படைத்த 'கோஸ்டகுவானா'.

கான்ராட் சோசலிசவாதி அல்லர். புரட்சிகளின்மீது அவருக்கு நம்பிக்கையும் இல்லை. ஆயினும் அவருடைய நாவலின் நடுவே ஒரு வெள்ளிச் சுரங்கம் நிற்கிறது. அதை நடத்துபவர் ஆங்கிலேய வழிவந்த முதலாளி. அவருக்குப் பணம் கொடுப்பவர் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த நிதியதிபர். அமைச்சர்களும் தளபதிகளும் மாறுகிறார்கள். சுரங்கம் மட்டும் மாறுவதில்லை. கடைசியில் சுரங்கம் இருக்கும் மாகாணமே தனி நாடாகப் பிரிந்துவிடுகிறது. நாவல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில், 1903 நவம்பரில், கொலம்பியாவிலிருந்து பனாமா பிரிந்தது. மூன்றே நாள்களில் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. கால்வாய் தோண்டும் உரிமையும் கைக்கு வந்தது. கற்பனை நாட்டின் வழியே நடப்பு வரலாற்றைக் கூர்மையாகப் பார்க்க முடியும் என்பதற்கு இந்நாவல் சான்று.

ஓ. ஹென்றியின் அஞ்சூரியா நகைச்சுவை நாடு. வழக்கு ஒன்றிலிருந்து தப்பி ஹோண்டுராசில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது கண்டவற்றைக் கொண்டு அவர் அதைப் படைத்தார். 'வாழைப்பழக் குடியரசு' என்ற சொற்றொடர் அவர் பேனாவிலிருந்தே பிறந்தது. இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டுகிறேன். ஓ. ஹென்றியின் கதையில் பழக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அந்நாட்டின் ஆட்சியையே மாற்றும் வல்லமை அதற்கு உண்டு. ஆனால் அந்தச் சொற்றொடர் புத்தகத்தை விட்டு வெளியேறி உலகைச் சுற்றியபோது கம்பெனி கீழே விழுந்துவிட்டது. பழம் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று 'வாழைப்பழக் குடியரசு' என்றால் என்ன பொருள் கொள்கிறார்கள்? ஒழுங்கற்ற மக்கள், ஊழல் அரசியல்வாதிகள், அடிக்கடி ஆட்சிக் கவிழ்ப்பு. குற்றம் இழைத்த கம்பெனியின் பெயர் நீங்கி, குற்றத்திற்கு ஆளான மக்களின்மேல் வசை ஏறிவிட்டது.

அந்த வசை எவ்வளவு பொய்யானது என்பதைக் குவாத்தமாலா காட்டியது. அங்கே யுனைடெட் புரூட் கம்பெனியே மிகப் பெரிய நில உடைமையாளர். ஜேக்கபோ ஆர்பென்ஸ் அரசு 1952-ல் நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பயிரிடாமல் தரிசாகக் கிடந்த பெருநிலங்களை எடுத்து நிலமற்றவர்களுக்குக் கொடுத்தது. இழப்பீடும் மறுக்கப்படவில்லை. வரி கட்டுவதற்காகக் கம்பெனி தன் நிலத்திற்கு என்ன மதிப்புக் காட்டியிருந்ததோ, அதே மதிப்பில் இழப்பீடு என்றது அரசு. வரியைக் குறைக்க மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்த கம்பெனி அலறியது. அந்நாளைய அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் முன்னர் பணியாற்றிய சட்ட நிறுவனம் அக்கம்பெனிக்காக வேலை செய்தது. அவருடைய தம்பி ஆலன் டல்லஸ் சிஐஏவின் தலைவர். 1954 ஜூனில் ஆர்பென்ஸ் வீழ்த்தப்பட்டார். அடிக்கடி ஆட்சி கவிழும் நாடு என்று சிரிப்பவர்கள், கவிழ்த்தவர் யார் என்று கேட்பதில்லை.

பெயரற்ற பகைவன்

இன்றைய பெருந்திரைக்கு வருவோம். ஹாலிவுட்டுக்குப் பகைவன் எப்போதும் தேவை. அதே சமயம் எல்லா நாடுகளிலும் நுழைவுச்சீட்டு விற்கவும் வேண்டும். இந்த இரு தேவைகளும் மோதும்போது என்ன நடக்கிறது? 2012-ல் வெளியான 'ரெட் டான்' படத்தில் அமெரிக்காவின்மீது படையெடுப்பவர்கள் சீனர்கள் என்றே முதலில் படமாக்கப்பட்டது. படப்பிடிப்பு முடிந்த பின்னர், கொடிகளையும் சின்னங்களையும் கணினியில் மாற்றி, படையெடுப்பவர்களை வட கொரியர்கள் ஆக்கிவிட்டார்கள். சீனச் சந்தை பெரியது. வட கொரியாவில் திரையரங்கு வசூல் கிடையாது. காரணம் அவ்வளவுதான்.

2022-ல் வெளியான 'டாப் கன்: மேவரிக்' இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் பகை நாட்டுக்குப் பெயரே இல்லை. அதன் மக்கள் திரையில் தோன்றுவதில்லை. விமானிகளின் முகங்கள் தலைக்கவசத்திற்குள் மறைந்திருக்கின்றன. நமக்குத் தெரிவதெல்லாம், மலைகளுக்கு நடுவே நிலத்தடியில் யுரேனியம் செறிவூட்டும் ஓர் ஆலை அங்கே இருக்கிறது, அதைக் குண்டுவீசி அழிக்க வேண்டும் என்பது மட்டுமே. அமெரிக்கக் கடற்படையின் ஒத்துழைப்புடன் எடுக்கப்பட்ட படம் இது. மூன்றாண்டுகள் கழித்து, 2025 ஜூன் 22 அன்று, அமெரிக்க விமானங்கள் ஈரானின் ஃபோர்தோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் ஆகிய இடங்களில் இருந்த அணு நிலையங்களின்மீது குண்டு வீசின. படம்தான் போருக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை; அப்படிச் சொல்வது சிறுபிள்ளைத்தனம். போர்களின் காரணங்கள் எண்ணெயிலும் மூலதனத்திலும் ஆதிக்கப் போட்டியிலும் இருக்கின்றன. ஆனால் பெயரில்லாத நாட்டின்மீது விழும் குண்டைக் கண்டு கைதட்டப் பழகிய கண், பெயருள்ள நாட்டின்மீது குண்டு விழும்போதும் அங்கே மக்கள் வாழ்கிறார்கள் என்பதைச் சட்டென்று நினைப்பதில்லை. பெயர் அழிக்கப்படும்போது அந்நாட்டு மக்களும் நம் பார்வையிலிருந்து அழிக்கப்படுகிறார்கள்.

வகாண்டாவின் சுரங்கம்

இனி, இவற்றினும் சிக்கலான ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த வகாண்டா அது. 1966-ல் ஒரு சித்திரக்கதையில் முதலில் தோன்றி, 2018-ல் 'பிளாக் பாந்தர்' திரைப்படமாக வந்தது. உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. எவருக்கும் அடிமைப்படாத, அறிவியலில் முன்னேறிய ஓர் ஆப்பிரிக்க நாட்டைத் திரையில் கண்ட கறுப்பின மக்களின் பெருமிதம் உண்மையானது. அதை ஏளனம் செய்யும் உரிமை நமக்குக் கிடையாது. நூறாண்டுகளாக ஹாலிவுட் அவர்களுக்குக் காட்டிய ஆப்பிரிக்காவை நினைத்தால், அந்த மகிழ்ச்சியின் நியாயம் விளங்கும்.

ஆயினும் நம் உரைகல்லை உரசிப் பார்ப்போம். வகாண்டாவின் செல்வம் 'வைப்ரேனியம்' என்ற கனிமத்திலிருந்து வருகிறது. சுரங்கத்தின் விந்தைகளைக் காண்கிறோம். சுரங்கத் தொழிலாளி ஒருவரும் கதைமாந்தராக வருவதில்லை. அரியணை யாருக்கு என்பது அருவிக்கரையில் நடக்கும் இருவர் சண்டையில் முடிவாகிறது. உலகெங்கும் ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு ஆயுதம் அனுப்ப வேண்டும் என்று சொல்பவன் வில்லனாகிச் சாகிறான். அவனைத் தடுக்க உதவும் நல்லவர் சிஐஏ அதிகாரி!

இப்போது உண்மையான ஆப்பிரிக்காவைப் பாருங்கள். காங்கோவின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து பெல்ஜியக் கம்பெனி தோண்டியெடுத்த யுரேனியமே ஹிரோஷிமாவை எரித்த குண்டுக்குப் பயன்பட்டது. 1960 ஜூன் 30-ல் காங்கோ விடுதலை பெற்றது. அதன் முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா, நாட்டின் கனிமங்கள் நாட்டு மக்களுக்கே என்ற எண்ணம் கொண்டவர். 1961 ஜனவரி 17 அன்று அவர் கொல்லப்பட்டார். அவரை நஞ்சிட்டுக் கொல்லச் சிஐஏ திட்டமிட்டதை அமெரிக்க மேலவைக் குழுவே 1975-ல் வெளிப்படுத்தியது. தன் நாட்டுக்கும் இக்கொலையில் பங்கு உண்டு என்று பெல்ஜிய அரசு 2002-ல் மன்னிப்புக் கேட்டது. ஆப்பிரிக்காவின் வைப்ரேனியத்தைத் தேடி வந்தவர்கள் யார், அங்கே உதவிக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்ட சிஐஏ என்ன செய்தது என்பதற்கான விடை இதுதான்.

படத்தின் முடிவில் வகாண்டாவின் மன்னர் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் உதவி மையம் தொடங்குகிறார். சித்திரக்கதையில் வகாண்டா பிறந்த அதே 1966-ஆம் ஆண்டின் அக்டோபரில், அதே ஓக்லாந்தில், பிளாக் பாந்தர் கட்சி தொடங்கப்பட்டது. குழந்தைகளுக்குக் காலை உணவு கொடுத்த, முதலாளித்துவத்தை எதிர்த்த, அமெரிக்க அரசால் வேட்டையாடப்பட்ட கட்சி அது. கட்சி இருந்த இடத்தில் படம் அறக்கட்டளையை வைக்கிறது. கனவு காண அனுமதி உண்டு. அமைப்பாகத் திரள அனுமதி இல்லை.

நம் மண்ணின் கற்பனை நாடுகள்

தோழர்களே, இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, கற்பனை நாடு என்றாலே ஏகாதிபத்தியச் சூழ்ச்சி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் நாட்டில் அதற்கு நேர்மாறான ஒரு மரபு இருக்கிறது.

காசியில் தோல் தொழில் செய்த குடியில் பிறந்த ரவிதாசர் 'பேகம்புரா' என்று ஒரு நகரைப் பாடினார். துயரமற்ற ஊர் என்பது அதன் பொருள். அங்கே வரி இல்லை, அச்சம் இல்லை, இரண்டாந்தர, மூன்றாந்தர மனிதர் என்ற பிரிவு இல்லை, எவரும் எங்கும் தடையின்றி நடக்கலாம். இன்றும் சீக்கியரின் புனித நூலில் அப்பாடல் இருக்கிறது. தெருவில் நடக்கும் உரிமைகூட மறுக்கப்பட்டவர் படைத்த நாட்டில், தடையின்றி நடப்பதே முதல் சட்டமாக இருப்பதைக் கவனியுங்கள். எங்கோ மேகத்தில் மிதக்கும் சொர்க்கம் அன்று அது. தம் ஊரில் எவையெல்லாம் கொடுமையோ அவற்றை ஒவ்வொன்றாக நீக்கி அவர் அமைத்த ஊர்.

வங்கத்தின் ரொக்கையா சகாவத் ஹுசைன் 1905-ல் 'சுல்தானாவின் கனவு' எழுதினார். அது முதலில் வெளியானது நம் சென்னையில், 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற இதழில். அவருடைய பெண்ணாட்டில் ஆண்கள் அடைப்புக்குள் இருக்கிறார்கள். பெண்கள் ஆட்சி செய்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்து அடுப்பெரிக்கிறார்கள். பெண்களின் பல்கலைக்கழகங்கள் விண்ணிலிருந்து நேரே நீரைப் பெறுகின்றன. அலுவல் நேரம் நாளுக்கு இரண்டு மணிதான். ஆண்கள் எஞ்சிய நேரத்தையெல்லாம் சுருட்டுப் பிடித்துத்தானே கழித்தார்கள் என்று கதை கேட்கிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், பர்தாவுக்குள் வாழ்ந்த ஒரு முஸ்லிம் பெண்மணி, உழைப்பு நேரத்தைப் பற்றியும் ஆற்றலைப் பற்றியும் கேள்வி எழுப்பிவிட்டார்.

தாகூரின் 'ரக்தகரபி' நாடகத்தில் யக்ஷபுரி என்றொரு நகர். நிலத்தின் வயிற்றைக் கிழித்துப் பொன் எடுப்பதே அங்கே வாழ்க்கை. தோண்டுபவர்களுக்குப் பெயர் போய் எண் வந்துவிட்டது. மன்னன் வலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறான். 'டாப் கன்' படத்தில் பெயரற்றவர்கள் கொல்லப்பட வேண்டியவர்கள். தாகூரின் நாட்டிலோ பெயர் பறிக்கப்பட்டதே குற்றம் என்று நாடகம் வாதாடுகிறது. கற்பனை நாட்டில் இருவகை உண்டு என்று நான் சொன்னதன் பொருள் இதுவே.

எரிக்கப்பட்ட நாடு

அவசரநிலைக் காலம் இதற்கு இன்னும் கூரிய சான்றுகளைத் தருகிறது. அம்ரித் நாகடா எடுத்த 'கிஸ்ஸா குர்சி கா' என்ற இந்திப் படம் 1975-ல் தணிக்கைக்குச் சென்றது. ஒரு கற்பனை நாட்டின் தலைவனையும், பேச்சிழந்த ஏழைப் பெண்ணாக உருவகிக்கப்பட்ட மக்களையும் பற்றிய நையாண்டி அது. யாருடைய பெயரும் அதில் இல்லை. ஆனால் ஆட்சியாளர்களுக்குத் தம் முகம் தெரிந்துவிட்டது. அவசரநிலையின்போது படச்சுருள்கள் கைப்பற்றப்பட்டு எரிக்கப்பட்டன. இவ்வழக்கில் சஞ்சய் காந்தியும் அன்றைய அமைச்சர் வி.சி. சுக்லாவும் 1979-ல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, பின்னர் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்கள். இல்லாத ஒரு நாட்டைக் கண்டு இருக்கும் அரசு நடுங்கிய கதை இது.

அடுத்தது சத்யஜித் ராயின் 'ஹீரக் ராஜார் தேஷே'. 1980-ல் வெளியான இப்படத்தைத் தயாரித்தது மேற்குவங்க அரசு. அன்று அங்கே இருந்தது இடது முன்னணி ஆட்சி. வைரச் சுரங்க நாடு. ஆனால் சுரங்கத் தொழிலாளி பட்டினி. உழவனிடம் விளைச்சலில்லாக் காலத்திலும் வரி. அமைச்சர்களுக்கோ வைர மாலை. பசி என்று சொல்பவனை மூளைச்சலவை இயந்திரத்தில் தள்ளி, மன்னனைப் புகழும் எதுகை வரிகளை ஒப்பிக்கச் செய்கிறார்கள். பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள், புத்தகங்களைக் கொளுத்துகிறார்கள். விழாவுக்கு வெளிநாட்டு விருந்தினர் வரும்போது ஏழைகளைக் கண்ணில் படாமல் விரட்டுகிறார்கள். அவசரநிலையில் டில்லியில் குடிசைகள் இடிக்கப்பட்டதை அன்றைய பார்வையாளர் நினைத்துக்கொண்டார்கள். இன்றைய பார்வையாளர், சர்வதேச மாநாடுகளின்போது ஏழைகளின் குடியிருப்புகளைத் திரைச்சீலை போட்டு மறைப்பதை நினைத்துக்கொள்ளலாம். கடைசியில் ஆசிரியரும் மாணவர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து மன்னனின் சிலைக்குக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். குழந்தைகளுக்கான படம் என்றே அது வெளிவந்தது. சுரங்கம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்க வைத்த படம் அது.

அரசர் படங்களும் நாமும்

தமிழ்த் திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். நம் அரசர் படங்களின் நாடுகளும் எந்த வரைபடத்திலும் இல்லாதவையே. 1950-ல் வந்த 'மந்திரி குமாரி', கலைஞரின் வசனத்தில், அரசனை ஆட்டிவைக்கும் ராஜகுருவைத் தோலுரித்தது. நேரே சொன்னால் தணிக்கையின் கத்தரி பாயும்; கற்பனை நாட்டில் சொன்னால் கொட்டகை கைதட்டும். புரோகித ஆதிக்கத்தை எதிர்க்கக் கற்பனை நாடு நல்ல மறைவிடமாக இருந்தது. அதன் பங்கை மறுக்க முடியாது.

1958-ல் எம்.ஜி.ஆர். இயக்கி நடித்த 'நாடோடி மன்னன்' வந்தது. ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ஹோப் 1894-ல் படைத்த ரூரிட்டேனியா என்ற கற்பனை நாட்டின் கதை அதற்கு ஒரு மூலம். ஆள்மாறாட்டத்தில் அரியணை ஏறும் மனிதன் என்ற கருவை ஹோப் முடியாட்சியைக் காக்கப் பயன்படுத்தினார். தமிழ்ப் படமோ அவனை ஏழைகளுக்கான சட்டங்களை அறிவிக்க வைத்தது. இது முன்னேற்றம்தான். ஆனால் சட்டம் எங்கிருந்து வருகிறது? அரியணையிலிருந்து. மக்கள் என்ன செய்கிறார்கள்? வாழ்த்துகிறார்கள். நல்லவன் ஒருவன் மேலிருந்து வழங்குவான், நாம் கீழிருந்து பெற்றுக்கொள்வோம் என்ற அரசியலைத் திரை பயிற்றுவித்தது. 19 ஆண்டுகள் கழித்து அந்த மன்னர் உண்மையிலேயே முதலமைச்சரானார். திரையில் எழுந்த நாடு கோட்டைக்கே வந்து சேர்ந்ததென்றால், கற்பனை நாடு அற்பமான பொருள் அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

2006-ல் சிம்புதேவன் இயக்கத்தில் வடிவேலு நடித்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' இந்த மரபையே கேலி செய்தது. மன்னன் வெளிநாட்டுக் குளிர்பானத்திற்கு விளம்பரம் செய்கிறான். சாதிச் சண்டைக்கென்று தனி மைதானம் திறந்து வைக்கிறான். கேரளத்தின் பிளாச்சிமடாவில் நிலத்தடி நீருக்காக மக்கள் போராடி, 2004-ல் குளிர்பான ஆலை நின்றுபோனது. அதற்கு இரண்டாண்டுகள் கழித்து வந்த அந்த நகைச்சுவைக்குக் கொட்டகை ஏன் அப்படிச் சிரித்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. நம் கேள்வியைச் சிரித்துக்கொண்டும் கேட்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

இறுதியாக மூன்று செய்திகள்.

முதலாவது: இளைஞர்கள் பார்க்கும் படங்களைப் 'பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிட்டு, அவர்களைக் கூட்டத்திற்கு மட்டும் அழைப்பதில் பயனில்லை. கிளைகளிலும் வாலிபர், மாணவர் அமைப்புகளிலும் அப்படங்களைச் சேர்ந்து பாருங்கள். பார்த்த பின் விரிவுரை ஆற்ற வேண்டாம். நான்கு கேள்விகள் போதும். இந்த நாட்டில் நிலமும் சுரங்கமும் யாருடையவை? உழைப்பவர் முகம் திரையில் தெரிந்ததா? இவர்களுடைய வறுமைக்குக் காரணம் சொல்லப்பட்டதா? மாற்றம் யார் கையால் வந்தது? இந்தக் கேள்விகளோடு பழகிய பிள்ளை, பிறகு தொலைக்காட்சிச் செய்தியையும் அதே கண்ணால் பார்க்கும். செய்திகளிலும் 'பிரச்சினைக்குரிய பகுதி' என்று பெயர் சூட்டப்பட்ட கற்பனை நாடுகள் உண்டு. பஸ்தரின் காடுகள் அவற்றுள் ஒன்று. அங்கும் கனிமம் இருக்கிறது. அங்கும் மக்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது: கற்பனையை எதிரியிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கெல்ஸ் 1880-ல் எழுதிய சிறுநூலை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். கற்பனாவாத சோசலிசத்தை அவர் விமர்சித்தார் என்பது மட்டுமே பலருக்கு நினைவிருக்கிறது. அதே நூலில் அவர், கற்பனையின் மேலோட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும் சிந்தனை முளைகளைக் கண்டு மகிழ்ந்தார். அவற்றைப் பார்த்து நகைத்த அற்பர்களைச் சாடினார். பெண் விடுதலையே சமூக விடுதலையின் அளவுகோல் என்பதை முதலில் கூறியவர் ஃபூரியே என்று பாராட்டினார். வில்லியம் மோரிஸ் தமது வர்க்கமற்ற நாட்டின் கதையை 1890-ல் தொடராக எழுதியது எங்கே தெரியுமா? 'காமன்வீல்' என்ற சோசலிச வார இதழில். வேலைநிறுத்தச் செய்திகளுக்கும் கூட்ட அறிவிப்புகளுக்கும் பக்கத்திலேயே அந்தக் கற்பனை நாடு அச்சாயிற்று. இரண்டுக்கும் பகை இல்லை என்று அத்தோழர்கள் அறிந்திருந்தார்கள்.

மூன்றாவது: நம்முடைய நாட்டை நாமே எழுத வேண்டும். நம் வீதி நாடகங்கள் கொடுமையை நன்றாகக் காட்டுகின்றன. கொடுமை நீங்கிய பின் வரும் காலைப்பொழுதைக் காட்டத் தயங்குகின்றன. எட்டு மணி நேர வேலை ஒரு காலத்தில் கற்பனை நாட்டின் சட்டம்தான். தீண்டாமை குற்றம் என்பதும் அப்படியே. வாக்குரிமை பெற்ற பெண் என்பவள் ரொக்கையாவின் காலத்தில் கதையில்கூட அரிது. போராடியவர்கள் அவற்றை அந்நாட்டிலிருந்து இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அவற்றுள் சிலவற்றைத் திரும்பப் பறிக்க முயல்கிறார்கள். எட்டு மணி நேர வேலை மீண்டும் கதையாகிவிடுமோ என்ற நிலையில், அதைக் காக்கும் போராட்டத்திற்கு, நாளை எப்படியிருக்கும் என்ற தெளிந்த சித்திரமும் ஓர் ஆயுதம்.

ஆகவே, எழுதும் தோழர்கள் எழுதுங்கள். நடிக்கும் தோழர்கள் நடியுங்கள். உங்கள் நாட்டுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் சூட்டுங்கள். ஆனால் முதல் காட்சியிலேயே பார்வையாளருக்குத் தெரிந்துவிட வேண்டும், இங்கே நிலம் யாருக்குச் சொந்தம் என்று.